முத்திரைக்கு விட்ட இடம்

ரூபனுக்கு வாய் சும்மா இருக்காது. துக்க வீட்டில்கூட ஓரமாக நாலு பேரைச் சேர்த்துச் சிரிக்க வைத்துவிட்டு வருகிற ஆள். அப்படிப்பட்டவனே அந்த வியாழக்கிழமை காலை பத்து நிமிடமாக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்த பெண்ணின் முகம் அப்படி இருந்தது.

கோவை காந்திபுரத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது பொற்கொடியின் துப்பறியும் நிலையம். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு வேறு எங்காவது பழக்கம் உண்டா என்று கல்யாணத்துக்கு முன்னால் விசாரித்துச் சொல்வதுதான் அங்கே அன்றாடப் பிழைப்பு. காணாமல் போன ஆளைத் தேடச் சொல்லி வருகிறவர்கள் வருஷத்துக்கு இரண்டு பேர் தேறினால் அதிகம். பொற்கொடிக்கு ஐம்பது வயது. அதிகம் பேச மாட்டாள். அவள் பேசாமல் விடுவதையெல்லாம் சேர்த்துப் பேசத்தான் ரூபனை வேலைக்கு வைத்திருக்கிறாள் என்று கீழே பேக்கரிக்காரர் சொல்வார்.

வந்தவர்கள் இருவர். பேசிக்கொண்டிருந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, குரலில் தேன் ஊற்றிய பணிவு. பக்கத்தில் தலை குனிந்து இருந்தவள் அவருடைய தங்கை பூஜிதா என்று அவர்தான் அறிமுகம் செய்தார். அவிநாசியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, பனியன் கம்பெனியில் டிசைனராக இருக்கிறாளாம்.

"காணாமப் போனது இவளோட சிநேகிதிங்க. பேரு லோகப்பிரியா. பெரியநாயக்கன்பாளையத்துப் புள்ள. மூணு வருசப் பழக்கமுங்க. ஆனா ஒருக்காக்கூட நேர்ல பாத்துக்கிட்டதில்ல."

"போன்ல பேசிக்குவாங்களா?" பொற்கொடி கேட்டாள்.

"இல்லீங்க. தபால்ல."

பூஜிதா கைப்பையைத் திறந்து நாலு அட்டைகளை மேசைமேல் வைத்தாள். தபால் அட்டை அளவில், கையாலேயே வெட்டி, வரைந்து, வண்ணம் தீட்டிய அட்டைகள். இதற்கென்று ஒரு கூட்டமே இருக்கிறது. முகம் தெரியாத ஒருவருக்கு அட்டை செய்து அனுப்ப வேண்டியது, பதிலுக்கு அவர் செய்ததை வாங்கிச் சேர்த்து வைக்க வேண்டியது. மெயில் ஆர்ட் என்று பெயர். அப்படித்தான் இரண்டு பெண்களும் சிநேகிதிகள் ஆனார்கள்.

"அஞ்சு வாரத்துக்கு முன்னால ஊட்ட உட்டுப் போனவ, ஒரு தகவலும் இல்லீங்க. அவிய ஊட்ல போனவ போனவதான்னு உட்டுப்போட்டாங்க. ஆனா இந்த அட்டை மட்டும் வாரம் ஒண்ணு இவளுக்கு வருது. ஒரு வரி எழுத்து கெடையாது, வெறும் படம். இவ சோறு தண்ணி எறங்காம கெடக்கறா. எங்கிருக்கறா, நல்லாருக்கறாளான்னு ஒருக்கா கண்ணுல பாத்தாப் போதுமுங்க."

"போலீசுக்குப் போனீங்களா?"

"போனமுங்க. அட்டை வருதல்ல, உசுரோட இருக்கறதுனாலதான வருது, அப்புறம் என்னங்கறாங்க."

பொற்கொடி அட்டைகளைப் பரப்பினாள். முதல் அட்டையில் ஒரு சைக்கிள். பின்சக்கரம் இருந்தது, முன்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வட்டமாக வெள்ளை. இரண்டாவதில் அடுப்பு, அதன்மேல் தோசைக்கல், ஓரத்தில் கிண்ணத்தில் சட்னி. கல்லின் நடுவே மறுபடியும் வெள்ளை வட்டம். மூன்றாவதில் கிணற்றடியில் ஒருத்தி கயிற்றை இழுக்கிறாள், கயிறு போய்ச் சுற்ற வேண்டிய கப்பியின் இடம் காலி.

ரூபனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "ஏனுங்க்கா, கல்லு இருக்குது, சட்னி இருக்குது, தோசைய மட்டும் காணோம். நான் படிச்ச ஹாஸ்டல்லகூட இந்த அநியாயம் நடந்ததில்லீங்க."

பணிவான மனிதர் சிரித்தார். பூஜிதா சிரிக்கவில்லை. நாலாவது அட்டை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. பொற்கொடி அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்ததும், பூஜிதா அட்டைகளை ஒன்றாக அடுக்கினாள். மறுபடியும் அது அடிக்குப் போய்விட்டது. எதையும் ஒழுங்காக அடுக்கி வைக்கிற பெண் என்று ரூபன் நினைத்துக்கொண்டான்.

"இந்த வட்டம் எதுக்கு கண்ணு?" பொற்கொடி அவளைக் கேட்டாள்.

பூஜிதா முதல்முறையாக நிமிர்ந்தாள். "அது டிசைனுங்க. எல்லா அட்டைலயும் சும்மா அப்படி உட்டிருப்பா."

"வேற ஒண்ணுமில்லையா?"

"இல்லீங்க."

கிளம்பும்போது அண்ணன் தன் நம்பரைச் சொன்னார். பூஜிதாவின் போன் ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம். ரூபன் 'பூஜிதா அண்ணன்' என்று பதிந்துகொண்டான். வாட்ஸப்பில் முகப்புப் படமாக ஒரு மயிலைக் காளை வந்து நின்றது. நெற்றியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பின்னிய கயிறு.

"போட்டோல நல்லா இருக்கறீங்க. கொம்புதான் சித்தே பெருசு," என்றான்.

அதற்கும் அவர் சிரித்தார். படி இறங்கும்போது பூஜிதா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. எப்படியாவது இந்தப் பெண்ணின் கண்ணீரை நிறுத்திவிட வேண்டும் என்று ரூபன் அப்போதே முடிவு செய்துவிட்டான். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் எத்தனை குடும்பத்தைக் கெடுத்திருக்கிறது என்பதற்குக் கணக்கே கிடையாது.

அவர்கள் போனதும் பொற்கொடி அட்டைகளை மறுபடி பரப்பினாள். ரூபன் கீழேயிருந்து வாங்கி வந்த பன்னீர் சோடாவைத் திறந்தவள், அதைக் குடிக்காமல் மூடியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த மூடியை எடுத்துச் சைக்கிளின் முன்சக்கரத்தில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. தோசைக்கல்லின் நடுவில் வைத்தாள். பொருந்தியது. கப்பியிலும் அப்படியே.

"மூணும் ஒரே அளவு," என்றாள். "சைக்கிள் வீலும் தோசையும் எந்த ஊர்லடா ஒரே அளவு?"

"எங்க சித்தி சுட்டா இருக்குமுங்க்கா."

"நாலாவதைப் பாரு."

நாலாவது அட்டையில் ஒரு ஆந்தை. இடது கண்ணை மையால் வரைந்திருந்தார்கள். வலது கண் தபால் முத்திரை. தபால்தலையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, கறுப்பாக, வட்டமாக, ஒரு நூல்கூடப் பிசகாமல் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. உள்ளே வளைவாக ஊர்ப் பெயர்: தாராபுரம். ரூபன் வாயைத் திறந்தபடி சோடா மூடியை எடுத்து முத்திரையின் மேல் வைத்துப் பார்த்தான். ஒரே அளவு.

"முத்திரை உளுகறதுக்கு எடம் உட்டு வரையறா," பொற்கொடி சொன்னாள். "அட்டைய வரைஞ்சு முடிக்கறது போஸ்டாபீஸ். மத்த மூணுலயும் முத்திரை எங்க இருக்குதுன்னு பாரு. பழனி, மூலைல பாதி. கரூரு, கோணலா. உடுமலை, அழிஞ்சே போச்சு. அதெல்லாம் வேற ஆரோ தெருவோரப் பெட்டில போட்டது. அந்த ஆளுக்கு இந்த வட்டம் எதுக்குன்னே தெரியாது. நாலாவதை மட்டும் அவளே கொண்டு போயி, கவுண்டர்ல நின்னு, இந்த எடத்துல குத்துங்கன்னு கேட்டு வாங்கியிருக்கறா. தேதியப் பாரு. போன வியாழக்கிழமை."

"அப்ப உசுரோட இருக்கறாங்க."

"போன வாரம் இருந்தா."

அடுத்த முக்கால் மணி நேரத்தில் பொற்கொடியின் பழைய மாருதி சூலூரைத் தாண்டிப் பல்லடம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. பல்லடத்தில் டீக்கு நிறுத்தினார்கள்.

"பூஜிதாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிரலாமுங்களா?" ரூபன் கேட்டான்.

"நேர்ல பாத்துட்டுச் சொல்லிக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் பொற்கொடி கை கழுவப் போனாள்.

அந்த இரண்டு நிமிடத்தில்தான் ரூபன் போனை எடுத்தான். அந்தக் கலங்கிய கண் அவனை விடவில்லை. 'தாராபுரம் போஸ்டாபீஸ்ல தடயம் கெடைச்சிருக்குதுங்க. லோகப்பிரியா அந்த ஊர்லதான். முத்திரைய வெச்சுக் கண்டுபுடிச்சோம். பூஜிதா அம்மணிய அழுவ வேண்டாம்னு சொல்லுங்க' என்று தட்டி அனுப்பிவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு வடையையும் வாங்கித் தின்றான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் தன்னை மட்டும்தான் கெடுத்துக்கொள்கிறது. ரூபன் விஷயம் அப்படியில்லை.

தாராபுரம் தபால் நிலையத்தில் மதிய இடைவேளை முடிந்து அப்போதுதான் கவுண்டர் திறந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் பெயர் காளிச்சாமி என்று மேசைப் பலகை சொன்னது. ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும் வயது. ரூபன் ஆந்தையை எடுத்து நீட்டியதும் அவர் முகம் மலர்ந்துபோனது.

"இது நான் குத்துனதுங்க," என்றார். "முப்பத்தாறு வருசமா சீல் குத்தறேன். எந்த எடத்துல குத்தோணும்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அந்த அம்மணி வந்து, சார், இந்த ஆந்தைக்குக் கண்ணு நீங்கதான் வெக்கோணும்னு சொல்லிப்போட்டு நின்னுச்சு. கோயில்ல சாமிக்குக் கண் தொறக்கற மாதிரி எனக்குக் கை நடுங்கிப் போச்சு. வேஸ்ட் பேப்பர்ல மூணு தடவை குத்திப் பழகிட்டுத்தான் அதுல குத்துனேன்."

"கண்ணு நல்லா வந்திருக்குதுங்க. கண்ணாடி போட வேண்டியதில்ல," என்றான் ரூபன். "அந்த அம்மணி எங்கிருந்து வாராங்க?"

"அதெல்லாம் நான் கேக்கலீங்க. கேட்டாலும் சொல்லப்படாது. ஆனா அடுத்த வியாழக்கிழமையும் வாரேன், சீலுக்கு மை நல்லா போட்டு வையுங்கன்னு சொல்லுச்சு." காளிச்சாமி மைப்பெட்டியைத் திறந்து காட்டினார். புது மை பளபளத்தது.

இன்றைக்குத்தான் வியாழக்கிழமை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று ரூபன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். பொற்கொடி உட்காரவில்லை. எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பவள் மாதிரி, சுவரில் ஒட்டிய சேமிப்புத் திட்ட விளம்பரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வடை செரிக்கலீங்களா?" ரூபன் கேட்டான்.

"அந்தப் பூஜிதா மூணு வருசமா அட்டை வாங்கறா. நமக்குச் சோடா மூடி வெச்சு அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சது, அவளுக்கு மூணு வருசமா தெரியலையா?"

ரூபன் அதற்கொரு தமாஷ் தேடினான். கிடைப்பதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். துப்பட்டாவால் பாதி முகத்தை மூடியிருந்தாள். உள்ளே வருவதற்கு முன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். கையில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு அட்டை.

பொற்கொடி அவசரப்படவில்லை. அவள் கவுண்டருக்குப் போகும் வரை விட்டு, பக்கத்தில் போய் நின்று, மெதுவாகச் சொன்னாள். "லோகப்பிரியா, பயப்படாத கண்ணு. பூஜிதா அனுப்பி வந்திருக்கறோம்."

பெண்ணின் கை பிளாஸ்டிக் உறையை நசுக்கியது. ஓடப் போகிறாள் என்று ரூபன் எழுந்தே விட்டான். ஆனால் பொற்கொடியின் கையில் இருந்த நாலு அட்டைகளைப் பார்த்ததும் அவள் முகம் மாறிற்று. துப்பட்டா நழுவியது. ஐந்து வாரத்தில் அந்த முகம் சிரித்தது அதுதான் முதல்முறையாக இருக்கும்.

"பூஜிதாவா? அவளுக்கு எல்லாம் போய்ச் சேந்துச்சுங்களா? அவ நல்லாருக்கறாளா?"

மூலையில் இருந்த பெஞ்சுக்கு அவளைக் கூட்டிப் போனார்கள். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று, ஹர்ஷா என்பவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கிளம்பிவிட்டாள். ஹர்ஷா மோட்டார் பம்பு உதிரிபாகம் கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறார்.

"அவரோட தாத்தா எங்க தோட்டத்துல பண்ணையத்தாளா இருந்தவருங்க," என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

ரூபனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவும் இல்லை. அவன் பெரியப்பா மகன் இதே மாதிரி ஒரு கல்யாணம் செய்துகொண்டு, ஆறு வருஷமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டாமல் ஓசூரில் கிடக்கிறான். பெரியம்மா செத்ததற்குக்கூட அவன் வரவில்லை. வர வேண்டாமென்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

"ரெண்டு ஊடு மாறியாச்சுங்க. போன் வெச்சிருந்தாக் கண்டுபுடிச்சுருவாங்கன்னு அதையும் தூக்கிப் போட்டாச்சு. பூஜிதாவுக்கு மட்டும் முன்னாலயே எழுதியிருந்தேன். வாரம் ஒரு அட்டை வந்தா நான் உசுரோட இருக்கறேன்னு அர்த்தம். ஒரு வாரம் வரலீன்னா நீ போலீசுக்குப் போயிருன்னு. அவரு வேன்ல போற ஊர்லயெல்லாம் ஒண்ணொண்ணா பெட்டில போட்டாரு. எந்த ஊர்னு ஆரும் சொல்ல முடியாதல்லங்க."

"அப்புறம் ஏன் நீயே வந்த?" பொற்கொடி கேட்டாள்.

லோகப்பிரியா தலை குனிந்தாள். "சைக்கிளுக்கு வீல் இல்லாம, கல்லுல தோசை இல்லாம போயிச் சேருதேன்னு மனசு கேக்கலீங்க. அரைகுறையாப் போற அட்டையப் பாத்து அவ என்ன நெனைப்பான்னு தோணுச்சு. ஒண்ணே ஒண்ணாச்சும் முழுசாப் போகட்டும்னு வந்தேன். தப்புன்னு தெரியுமுங்க. அவருக்குக்கூடச் சொல்லல."

உயிருக்குப் பயந்து ஒளிந்திருக்கிறவள் ஒரு ஆந்தையின் கண்ணுக்காக வெளியே வந்திருக்கிறாள். அட்டை செய்கிறவர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

"இந்த வட்டம் உடறது உன்ற யோசனையா கண்ணு?"

"இல்லீங்க. பூஜிதா சொல்லிக் குடுத்தது. எனக்கு வந்த மொத அட்டையே அவளுதுதான். ஒரு மயிலு, தோகைல ஒரே ஒரு கண்ணுக்கு மட்டும் எடம் உட்டிருந்தா. அத அவிநாசி போஸ்டாபீஸ் சீல் வந்து அடைச்சிருந்துச்சு. அன்னிக்கிருந்து நானும் அப்படித்தான்."

பொற்கொடி ரூபனைப் பார்த்தாள். ரூபன் பொற்கொடியைப் பார்த்தான். 'அது டிசைனுங்க' என்று நிமிர்ந்து சொன்ன முகம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"பூஜிதாவுக்கு அண்ணன் இருக்கறானா?" பொற்கொடியின் குரல் இறங்கியிருந்தது.

"இல்லீங்களே. அவ ஒரே புள்ள."

ரூபன் போனை எடுத்தான். 'பூஜிதா அண்ணன்' என்ற பெயரைத் தொட்டு, முகப்புப் படத்தைப் பெரிதாக்கி நீட்டினான். லோகப்பிரியா அதைப் பார்த்தாள். நழுவிய துப்பட்டாவை இழுத்து மறுபடி முகத்தை மூடிக்கொண்டாள்.

"எங்க மயிலை," என்றாள். "அந்தக் கயிறு நான் பின்னிக் கட்டுனது. இது எங்கண்ணன் கதிர்வேலு."

படத்தை மூடியதும் அடியில் இருந்த பதில் தெரிந்தது. ரூபன் அனுப்பிய ஐந்தாவது நிமிடமே வந்த பதில். 'ரொம்ப நன்றிங்க. இப்பவே வாரோம்.' அனுப்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கோவையிலிருந்து தாராபுரம் வர அதற்குமேல் ஆகாது.

"அக்கா, நாந்தான் சொன்னேன்," என்றான். "பல்லடத்துல. அந்தப் புள்ள அழுவுதேன்னு சொல்லிப்போட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பொற்கொடி அவன் கையிலிருந்த போனை வாங்கிப் பதிலைப் படித்தாள்.

"உன்னச் சொல்லி என்ன. நானும்தான் ஏமாந்தேன். லோகப்பிரியாவோட சாமானுல இவ அட்டையெல்லாம் கெடைச்சிருக்கும், அதுல ஹாஸ்டல் விலாசம் இருந்திருக்கும். போயிப் புடிச்சு, மெரட்டிக் கூட்டியாந்திருக்கான். அந்தப் புள்ள நம்ம மேசைக்கு முன்னால உக்காந்து, அவன் காதுபட, தனக்குத் தெரிஞ்சதை ஒளிச்சுது. நாம கெட்டிக்காரங்கன்னு காட்டறதுக்குத் தோண்டி எடுத்து அவன் கைல குடுத்துட்டோம்."

பிறகு அவள் நேரத்தை வீணாக்கவில்லை. காளிச்சாமியிடம் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேள்வி எதுவும் கேட்காமல், தபால் மூட்டை ஏற்றும் பின்வாசலின் தாழ்ப்பாளை நீக்கினார். மகளிர் காவல் நிலையம் ஐந்து நிமிடத் தூரம். போனிலேயே பேசியாயிற்று, நேராகக் கூட்டி வரச் சொல்லிவிட்டார்கள். ஆனால் லோகப்பிரியா எழுந்திருக்கவில்லை.

"பூஜிதாவையும் காருல கூட்டிட்டுத்தான வருவாங்க. நான் இல்லீன்னு தெரிஞ்சா அவள என்ன பண்ணுவாங்க? நான் வர மாட்டனுங்க."

"நான் இருக்கறனுங்க," என்றான் ரூபன். "பூஜிதாவ எறக்கிக் கூட்டிட்டு வாரது என்ற பொறுப்பு. நீங்க போங்க."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் தமாஷ் எதுவும் இல்லாததைக் கண்டு பொற்கொடியே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பத்து நிமிடத்தில் வெள்ளைக் கார் வந்தது. ரூபன் வாசற்படியில் நின்றான். பின்னாலேயே காளிச்சாமி வந்து பக்கத்தில் நின்றார். தபால்காரர்கள் இருவரும், அஞ்சலக வரிசையில் நின்றவர்களில் நாலைந்து பேரும் என்ன ஏதென்று எட்டிப் பார்த்தார்கள்.

கதிர்வேல் இறங்கி வந்தான். அதே வெள்ளை வேட்டி, அதே பணிவு. காருக்குள் இன்னும் மூன்று ஆண்கள். பின் சீட்டில் அவர்களுக்கு நடுவில் பூஜிதா.

"ஏனுங்க, தங்கச்சி வந்துச்சுங்களா? ஒருக்கா கண்ணுல பாத்துட்டுப் போயிரலாம்னு வந்தோம்."

"தங்கச்சியக் கண்ணுல பாக்க வாரவங்க அம்மாவக் கூட்டியாந்திருப்பீங்க," என்றான் ரூபன். "மூணு ஆம்பளையக் கூட்டியாந்திருக்கறீங்க."

கதிர்வேலின் முகத்தில் இருந்த பணிவு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை.

"அவங்க இப்ப மகளிர் ஸ்டேசன்ல உக்காந்து மனு எழுதிக் குடுத்துட்டு இருக்கறாங்க. உங்க பேரு, இந்த நம்பரு, நீங்க எனக்கு அனுப்புன மெசேஜு எல்லாம் அதுல இருக்குது. பூஜிதாவ மெரட்டிக் கூட்டிட்டு வந்ததும் இருக்குது. இங்க பத்துப் பேரு பாத்துட்டு நிக்கறாங்க. அவங்கள எறக்கி உட்டுப்போட்டுப் போங்க."

கதிர்வேல் காளிச்சாமியைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், தெருவின் அந்தக் கோடியில் திரும்பி வந்துகொண்டிருந்த போலீஸ் ஜீப்பையும் பார்த்தான். காரின் பின்கதவைத் தானே திறந்து விட்டான்.

"தாராபுரம் பெரிய ஊரு இல்லீங்க," என்றான் ரூபனிடம், விடைபெறுகிற குரலில். "எந்த ஊருமே அவ்வளவு பெருசில்ல."

கார் போயிற்று. ஜீப் அதன் பின்னால் போயிற்று. பொற்கொடியின் போன் வந்தது: லோகப்பிரியா ஸ்டேஷனுக்குள் பத்திரம், ஹர்ஷாவும் கரூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார், ராத்திரிக்குள் மூன்றாவது வீடு பார்த்தாக வேண்டும்.

பூஜிதா இறக்கிவிட்ட இடத்திலேயே நின்றிருந்தாள். ரூபன் பக்கத்தில் போனான். அவள் மணிக்கட்டில் பிடித்து இழுத்த தடம் சிவந்து கிடந்தது.

"வாங்க அம்மணி. அவங்க நல்லாருக்கறாங்க. உங்களத்தான் கேட்டுட்டு இருக்கறாங்க. நேர்ல பாத்தரலாம்."

அவள் நகரவில்லை. அழவும் இல்லை. அவனை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"நாலாவது அட்டை வந்த அன்னிக்கே எனக்குத் தெரியுமுங்க, தாராபுரம்னு. ஹாஸ்டல் வாசல்ல அவங்க வந்து புடுங்கிட்டாங்க. அடிச்சுக் கேட்டாங்க, சொல்லல. எங்கப்பாவ வேலைய உட்டுத் தூக்கிருவோம்னாங்க, அப்பவும் சொல்லல. உங்ககிட்டயும் டிசைன்னுதான சொன்னேன். ஏனுங்க கண்டுபுடிச்சீங்க?"